மேல்மாடியில் வெறுங்காலோடு

— மெல்லக் கதையும், கோகிலா. மேல்மாடி பலகைத் தளம், கீழை கேக்கும்.

— இஞ்சாருங்கோ, ஆரோ ஏறி வாறான். தொப்பி, பித்தளைப் பொத்தான் எல்லாம் போட்டிருக்கிறான். ரயில் ஸ்ரேசனிலை நிண்ட போலீஸ் பின்னாலையே வந்திட்டுது.

— இல்லையப்பா. இந்தப் பழைய வீட்டு மியூசியத்துக்குள்ளை ரிக்கெட் எடுத்துத்தானே வந்தனாங்கள்? ஊர் பாக்க வந்த ஆக்கள் மாதிரி நில்லும். அந்தக் கட்டிலைப் பாரும்.

— நானூறு வருசத்துக் கட்டிலைப் பாக்கிற நிலையிலையே நான் நிக்கிறன்? லண்டனிலையிருந்து அண்ணை அனுப்பின படத்திலை ரியூடர் வீடெண்டு ஒரு பழங்கால வீடு இருந்துதே, அதே கறுத்த மரமும் வெள்ளைச் சுவரும். வடிவுதான். ஆனா ஓடுறதுக்கு ஒரு வழி இல்லை.

— நடுங்காதையும்.

— ஜெர்மனியிலையிருந்து வான் வண்டிக்குள்ளை ஒளிச்சு வரேக்கைகூட இப்பிடி நடுங்கேல்லை. விசா இல்லையெண்டு திருப்பி அனுப்பினால், ஊரிலை இந்தியன் ஆமி...

— சத்தம் போடாதையும். இவன் மியூசியத்துக் காவல்காரன். கையிலை என்ன கொண்டு வாறான்?

— என்ரை சப்பாத்து.

— ஐயோ, அதை ஏன் கழட்டினனீர்?

— வீடெண்டீங்கள். வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை எப்பிடி ஏறுறது? வாசலிலை ஓரமா வைச்சனான்.

— ஹலோ... நை... நை, நை.

— என்ன கேட்டவன்? சப்பாத்தை வைச்சிட்டு என்னைக் காட்டினவன். நீங்கள் நை, நை எண்டு இல்லையெண்டு தலையாட்டினனீங்கள்.

— ஒண்டுமில்லை.

— பிறகேன் அவன் அவசரமாக் கீழை இறங்கிறான்? சொல்லுங்கோ.

— நீர் என்ரை மனிசியோ எண்டு கேட்டவன். தெரியாத ஆள் எண்டிட்டன். பயத்திலை வாயிலை வந்திட்டுது, கோகிலா. பாவம், தனிய வந்து வழி தெரியாமல் நடுங்குது, போலீசைக் கூப்பிட்டுக் குடுப்பம் எண்டு ரெலிபோன் எடுக்கப் போறான். நல்ல மனுசன்.

— அப்ப ஓடிப்போய் உண்மையைச் சொல்லுங்கோ!

— முதல் பொய் சொன்னது ஏனெண்டு கேப்பான். என்ரை பேரைக் கேப்பான். என்ரை அகதி விசாவும் போனால்?

— தள்ளி நில்லுங்கோ, சப்பாத்தைப் போடுறன்.

— இஞ்சேரும், ஏன் அப்பிடிப் பாக்கிறீர்?

— ரண்டு வருசமா என்னை இஞ்சை கூப்பிட நீங்கள் குடுத்த விண்ணப்பத்தைத் தூக்கி மூலையிலை போட்டிருக்கிற இந்த நாட்டு அரசாங்கம்கூட, நான் உங்கடை மனிசி இல்லையெண்டு இன்னும் சொல்லேல்லை.