ஊட்வார் வீட்டு ஈஸ்ட்

அன்று எங்கள் பீர்க் கொட்டகையில் நான்கு பேர் இருந்தோம்: என் தம்பி மகள் சிக்னே, அவள் கணவன் ஹால்வர், எதிர்ப் பண்ணை ஊட்வார், நான் யூஸ்டைன். எல்லாரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வோஸ் பள்ளத்தாக்கில் பண்ணைக்குப் பண்ணை ஈஸ்ட் வேறு. எங்கள் வீட்டு ஈஸ்ட் ஆறு தலைமுறையாக உயிரோடு இருக்கிறது. ஆரஞ்சுத் தோலின் வாசம் அதற்கு. சிக்னேவுக்கு இந்த முறை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலாக ஒரு பீர் காய்ச்ச ஆசை.

"கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. நம்ம ஈஸ்ட் போட்டா ஹாப்ஸ் போன இடமே தெரியாது. ஊட்வார் மாமா வீட்டு ஈஸ்ட் அடக்கமா இருக்கும்."

ஊட்வார் தான் கொண்டுவந்த ஜாடியைத் தட்டினார். "உங்க ஈஸ்டும் உங்க பெரியப்பா மாதிரிதாம்மா. எங்க போனாலும் தான்தான் முன்னாடி நிக்கணும்."

ஹால்வர் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பொங்கி முடிந்த பீரை வடிக்கும் சனிக்கிழமை, ருசி பார்க்கப் பள்ளத்தாக்கே வரும். எங்கள் தொட்டியில் அந்த வீட்டு ஈஸ்ட் என்றால் நான் எந்த முகத்தோடு கோப்பையை நீட்டுவது?

ஈஸ்டை ஊற்றுமுன் தொட்டியைப் பார்த்து மூன்று முறை கத்துவது எங்கள் வழக்கம். கத்தல் எவ்வளவு பலமோ, பீரும் அவ்வளவு பலம். எங்கள் வீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்துவோம். மூன்று கத்தல் போதுமான நேரம். பலகையில் இருந்த ஊட்வாரின் ஜாடியை எடுத்துக்கொண்டு, கோட்டுக்குள் இருந்த, அதே மாதிரியான எங்கள் ஜாடியை வைத்தேன்.

"என்ன மாமா, உங்க சத்தத்தையே காணோம்?" என்றான் ஹால்வர்.

"தொண்டை கட்டியிருக்கு."

ஊட்வாரின் ஈஸ்டைப் பன்றிகளுக்கு ஊற்றினேன். அவை குறை ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பீர் பிரமாதம். வந்தவர்கள் எல்லாம் ஊட்வாரின் முதுகில் தட்டினார்கள். "இனிமே நம்ம வீட்லயும் இந்த ஈஸ்ட்தான்" என்று சிக்னே எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுப் பெரியவன் ஜாடி மாற்றினான் என்ற பேச்சு குடும்பத்துக்கு அழகா? எனவே மிச்சமிருந்த ஒரே நியாயமான காரியத்தைச் செய்தேன். ஞாயிறு காலை ஊட்வார் தேவாலயத்தில் இருந்தபோது அவருடைய நிலவறைக்குப் போனேன். மூன்று ஜாடிகள் இருந்தன. அரைமணியில் வீடு திரும்பிவிட்டேன்.

ஒரு வீட்டு ஈஸ்ட் செத்துப்போனால், அதை முன்பு யாருக்குக் கொடுத்தார்களோ அவர்களிடம் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஊட்வார் மறுநாள் வந்தார். கண் சிவந்திருந்தது.

"எங்க தாத்தா காலத்துச் சொத்தும்மா. உங்கிட்டயாவது இருக்கே."

சிக்னே தொட்டியின் அடியிலிருந்து ஒரு ஜாடி நிறைய வழித்துக் கொடுத்தாள். அவர் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனார். படலைத் திறந்துவிட்டது நான்தான்.

இன்று இரண்டு பண்ணையிலும் எங்கள் ஈஸ்ட்தான் பொங்குகிறது. பெயர் மட்டும் அவருடையது. பெயருக்காக அலைகிற ஆள் இல்லை நான்.

ஊட்வாரின் ஜாடிகளில், பீருக்குக் காய்ச்சும் மால்ட் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். சுத்தப் பொய். நல்ல மால்ட் சாற்றை யாராவது வீணாக்குவார்களா? வெறும் வெந்நீர்தான்.