பன்னிரண்டு நொடி

மல்லிகைப்பூ வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது, மேடம். தும்மல் வந்துவிடும். அதனால்தான் கீரமங்கலத்தில் அன்புமொழியின் அப்பா அடைக்கலம் நடத்திய பூ கமிஷன் கடைக்கு நான் இரண்டு முறைக்கு மேல் போனதில்லை. இரண்டு முறையும் சோடா வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ராக் பேண்டின் பெயர் பொட்டல். மூன்றே பேர். பாட்டெழுதி, கிட்டார் வாசித்துப் பாடுபவள் அன்புமொழி. டிரம்ஸ் ஜெரால்டு. பேஸ் கிட்டார் நான். திருக்கோகர்ணத்தில் ஜெரால்டு வீட்டு மாடியில், சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி மூன்று வருஷம் வாசித்தோம். அன்புமொழி இலுப்பூரில் டீச்சர். நான் செல்போன் கடையில் வேலை. இத்தனை சிம் கார்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான்.

எங்கள் முதல் பாட்டு போன சித்திரையில் யூடியூபில் வந்தது. 'இந்த ஊருல மனுசனே இல்ல' என்று தொடங்கும். அடுத்த வரி, 'எல்லாரும் ஏர்போர்ட்டுல நிக்கிறாங்க'. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளைப் பற்றிய பாட்டு. பதினொரு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதில் நூறு தடவை நானே கேட்டது. வந்த ஒரே கமெண்ட், 'சவுண்டு கம்மியா இருக்கு ப்ரோ'.

அன்புமொழி அதைப் பார்த்துச் சிரித்தாள். "நானூறு பேரு கேட்டதே போதும்ணே. அப்பா கடையில சத்தமா வச்சு எல்லாருக்கும் போட்டுக் காட்டுனாரு. எனக்கு அது போதும்."

அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு போதும் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. இன்றைக்கும் அதுதான்.

முதலில் பத்துப் போலிப் பெயர்களில் புகழ்ந்து எழுதினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு 'மண்ணின் மைந்தன்' என்று ஒரு கணக்கு தொடங்கி, பாட்டிலிருந்து பன்னிரண்டு நொடியை மட்டும் வெட்டிப் போட்டேன். இரண்டாவது வரி அதில் இல்லை. 'நம்மூர்க்காரன் மனுசனே இல்லையாம், ஒரு டீச்சரம்மா பாடுது' என்று மேலே எழுதினேன். சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். திட்டுவதற்காகவே முழுப் பாட்டையும் தேடி வந்தார்கள். திட்டுவதற்குக்கூட முதலில் கேட்டாக வேண்டும், மேடம்.

ஜெரால்டு போன் செய்து சந்தோஷத்தில் குதித்தான். சென்னையிலிருந்து ஒரு இசைப் பத்திரிகைக்காரர் 'துணிச்சலான குரல்' என்று எழுதினார். அன்புமொழி மட்டும் அழுதாள்.

"அண்ணே, யாரோ வரிய வெட்டிப் போட்ருக்காங்க. ஸ்கூல்ல கூப்பிட்டுக் கேக்குறாங்க. முழுசாக் கேளுங்கன்னு நீங்களாச்சும் எழுதுங்கண்ணே."

எழுதினேன். என் சொந்தப் பெயரில், நல்லபடியாகவே எழுதினேன். மண்ணின் மைந்தன் அதற்குப் பதில் சொன்னான். அவனுக்கு நன்றாக எழுத வரும்.

நான்காம் நாள் அவளே முகத்தைக் காட்டி, பாட்டின் அர்த்தத்தைச் சொல்லி ஒரு வீடியோ போட்டாள். சனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். துபாயிலிருந்து ஒருவர் மன்னிப்புக்கூடக் கேட்டார். அன்று மதியத்திலிருந்து வியூஸ் சரிய ஆரம்பித்தது. மூன்று லட்சத்தில் நின்றுபோகும் போலிருந்தது.

அப்போதுதான் மண்ணின் மைந்தன் பெயரில் பூக்கடையின் போட்டோவைப் போட்டேன். இரண்டாம் முறை போனபோது எடுத்தது. 'இதுதான் அந்தப் பொண்ணோட அப்பா கடை. மத்தியானம் ஏலம் முடிஞ்சதும் ஆள் தனியாத்தான் இருப்பாரு.' இந்த இரண்டு வரிதான். பொய் எதுவும் இல்லை.

மறுநாள் ஆறு பேர் பைக்கில் போனார்கள். பூ மூட்டைகளை ரோட்டில் கொட்டினார்கள். வீடியோவில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர் கோபப்படவில்லை. போனில் பாட்டைப் போட்டுத் தூக்கிப் பிடித்து, "முழுசாக் கேளுங்கய்யா, எம் மக நம்ம புள்ளைகளப் பத்தித்தான் பாடியிருக்கு" என்றார். இரண்டாவது வரி வருவதற்குள் ஒருவன் போனைத் தட்டிவிட்டான். எடுக்கக் குனிந்தவரை இன்னொருவன் தள்ளினான். தராசின் இரும்பு விளிம்பு நெற்றிப்பொட்டில் பட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவரைத் தொட்டவன் நான் இல்லை. அந்த ஆறு பேரையும் பிடித்துவிட்டீர்கள். ஜெரால்டுதான் என்னைக் காட்டிக்கொடுத்தான். கடை போட்டோவின் ஓரத்தில் என் கிட்டார் பையின் வார் தெரிந்திருக்கிறது. அந்த வாரைத் தைத்துக் கொடுத்தவள் அவன் மனைவிதான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் போன மாசம்வரை அவனும் அந்த வியூஸ் எண்ணிக்கையைத்தான் பார்த்துச் சிரித்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நடக்கும் என்று தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். கிளம்புவதற்கு முன் அவர்களில் ஒருவன் மண்ணின் மைந்தனுக்குச் செய்தி அனுப்பினான். 'அண்ணே, வயசான மனுசனா இருக்காரே. போகவா, வேணாமா?' என் போனில் அது இன்னும் இருக்கிறது, நான் அழிக்கவில்லை. எங்கள் செல்போன் கடையில் கூட்டம் இல்லாத நேரம். யோசிக்க எனக்கு அவகாசம் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் திரும்பியிருப்பார்கள்.

'போங்க. வீடியோ எடுங்க' என்று எழுதினேன்.

வருத்தப்படுகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பாட்டு இன்று பதினெட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அன்புமொழி என்னைத் தப்பாக நினைத்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். கொஞ்ச நாள் ஆனால் சரியாகிவிடும். சாவு வீட்டில் நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதபோது எந்த இடத்தில் குரலை ஏற்றினாள், எந்த இடத்தில் விட்டாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று வீட்டுக்குப் போனதும் அதற்கு பேஸ் கிட்டார் வாசித்துச் சேர்த்துவிட்டேன். எங்கள் இரண்டாவது பாட்டு அதுதான். அவள் வந்து வரிகளை எழுதினால் போதும்.