பாதியோடு நின்ற சுவர்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், எனக்கு எதிரே இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள். ஒருத்தி, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயா, காலை நீட்டி அலுத்துக்கொண்டாள்.

"களிமண்ணுல வீடு கட்டுங்க புள்ளைங்களான்னேன். அத்தனையும் நம்ம லயத்து வீட்டு வரிசையையே கட்டுதுங்க. ஒருத்தி ரெண்டு வீட்டுக்கு நடுச்சுவரைப் பாதியோட நிறுத்திட்டா."

"நம்ம லயத்துச் சுவரும் அப்படித்தானே அக்கா, எது கூரையைத் தொடுது?"

"மண்ணு நெறையக் கெடக்கு, கூரை வரைக்கும் எழுப்புடின்னேன். மாட்டேன்னுட்டா."

"ஏனாம்?"

"பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி அழுவுறது அப்புறம் எப்படிக் கேக்கும்னு என்னையே கேக்குறா."

மற்றவள் சிரித்தாள். "யாரு பொண்ணு அது?"

ஆயா கொட்டாவி விட்டாள். "உன் பக்கத்து வீட்டுக்காரி பொண்ணுதான்."

மற்றவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெட்டாலிங் ஸ்டேஷன் தாண்டியும் ஆயாவைப் பார்க்கவில்லை.