வெள்ளையடித்த சுவரில் பெரியம்மாள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா கிருஷ்ணமூர்த்தி அவர்களே, அரியலூர் ஆன்றோரே, சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைச் சேலையில் சுமந்தே வந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் கண்ணகியின் களைத்த வணக்கம். கேட்கலையா? மைக்கைக் கிட்ட வைத்துக்கொள்கிறேன். என் குரலே இவ்வளவுதாங்க.

என் கணவர் அரியமுத்து ஓவியர். பதினைந்து வருஷத்துக்கு முன், விக்கிரமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் ரோட்டில், லாரிகளை மறித்து உட்கார்ந்தார்கள் பதினொரு பெண்கள். அடுத்த மாதமே, கொடி பிடித்து முன்னால் இருந்த பெரியம்மாள் லாரி மோதி இறந்தாள். பதினொரு பேரையும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் தீட்டினார் அவர். ஒருநாள் காலையில் பார்த்தால் சுவர் முழுக்க வெள்ளை! யார் அடித்தது? யார் சொல்லி அடித்தது? கேட்டோம், கேட்டோம், கேட்டே களைத்தோம்.

பிறகு பக்கவாதத்தில் அவர் வலக்கை விழுந்தது. அழிந்த சுவரை அவர் சொல்லச் சொல்ல எழுதிவைக்க நான் நோட்டை எடுத்தேன்.

"பெரியம்மா சேலைக்கு என்னா கலருங்க போட்டீங்க?"

"அரக்கு. முந்தானை கிழிஞ்சிருக்கும், அதையும் எழுது."

"கிழிசல் எதுக்குங்க?"

"அதக் கட்டிக்கிட்டுத்தான வந்து ஒக்காந்துச்சு."

ஓவியம் அறியாத நான், உவமை அறியாத நான், உடன் வாழ்ந்தவரின் கண்ணால் பார்த்து எழுதினேன். புத்தகமாகப் போடுகிறேன் என்று வந்த ஒருவர், "லாரிய மட்டும் எடுத்துடுங்கம்மா" என்றார். லாரியை எடுத்துவிட்டால் அந்தப் பெண்கள் எதற்காக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்? "போயிட்டு வாங்க சார்" என்றேன். கை தட்டாதீர்கள், அன்றைக்கு அழுதேன். கடைசியில் மீதிப் பத்துப் பெண்களே சேர்ந்து அச்சிட்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. போன தையில் போய்விட்டார்.

அன்பு, நினைவு, எதிர்ப்பு என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். பெரிய சொற்கள். சுவர் இன்னும் வெள்ளைதான். லாரி இன்னும் ஓடுகிறது. பின் எதற்கு எழுதினாய் என்கிறீர்களா?

போன வாரம் பெரியம்மாளின் மகள் சிந்து வந்தாள். தாய் சாகும்போது நாலு வயது. புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டபடி கேட்டாள்:

"எங்கம்மா கொடிய இடது கையிலயா புடிச்சிருந்துச்சு அத்த?"

"ஆமாம்மா. அதுக்கு எல்லாமே இடது கைதான்."

"எனக்கும் இடது கைதான். யாரக் கொண்டு பொறந்தேன்னு இத்தன நாளு தெரியல அத்த."

இதற்குத்தான் எழுதினேன். அழிப்பவர்கள் அலுப்பதில்லை தாய்மார்களே. நாம் அலுத்தாலும் எழுதுவோம்! கால் வலிக்கிறது, உட்கார்கிறேன். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.