மகமையில் நான் குறை வைத்ததில்லை

வத்தல் குடோனுக்குள் முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் தும்முவார்கள். கைக்குட்டையைத் தேட வேண்டாம் சார், நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். என் பெயர் பொன்னுச்சாமி. பந்தல்குடியில் மிளகாய் வத்தல், கொத்தமல்லி மொத்த வியாபாரம், அப்பா காலத்துக் கடை.

வரி ஏய்த்தவன் என்று உங்கள் போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஏய்ப்பு பெரிய வார்த்தை. தூத்துக்குடிக்கு ஒரு பில்லில் ஒரு லோடு போகும். வழியில் யாரும் மறிக்காவிட்டால் அதே பில்லில் இன்னொரு லோடும் போகும். இந்த ரோட்டில் அதைச் செய்யாத கடையைக் காட்டுங்கள். ஜிஎஸ்டி வந்த புதிதில் ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் கட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர் பில் போடாமல் விலையைக் குறைத்தார். என் வாடிக்கைக்காரர்கள் அங்கே போய் நின்றார்கள். அவர் ஒரு தடவை பிடிபட்டார். அபராதத்தைக் கட்டிவிட்டு அந்த மாதமே புது கார் எடுத்தார். அதைப் பார்த்த பிறகும் நான் கட்டிக்கொண்டிருந்தால் என்னைப் போல இளிச்சவாயன் யார்?

மகமை வேறு. எங்கள் உறவின்முறைச் சங்கத்தில், கடையில் இறங்குகிற, ஏறுகிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்குக் கொடுப்போம். யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. நான் படித்த பள்ளிக்கூடம் அதில் கட்டியது. என் அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன வண்டி அதில் வாங்கியது. கண்ணால் பார்க்கிறோம், கொடுக்கிறோம். கொடுக்காதவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி காலியாகக் கிடக்கும். பில் இல்லாமல் போன லோடுக்கும் நான் மகமை கொடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டீர்கள் என்று ஆடிட்டர் பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

மகமை வாங்க வருகிறவன் கோட்டைச்சாமி, என் மனைவி சரஸ்வதியின் தம்பி. லாரி பக்கத்தில் நின்று எண்ணி வாங்குவான். சங்கத்துக் கணக்கில் மொத்தத் தொகைதான் ஏறும். எந்தக் கடையில் எத்தனை மூட்டை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போன மாதம் வரி அதிகாரிகள் வந்தார்கள். பில்லையெல்லாம் புரட்டினார்கள், ஒன்றும் சிக்கவில்லை. கிளம்பும்போது அதில் ஒரு அம்மா, இங்கே மகமை யார் வாங்குகிறார் என்று கேட்டார். இந்தப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரும்படி கோட்டைச்சாமிக்குத் தகவல் வந்தது. அவன் உள்ளதைச் சொன்னால் கடைக்குச் சீல், எனக்கு ஜெயில்.

அதற்கு முந்தின சனிக்கிழமை இதே இடத்தில் வைத்துப் பேசினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதியைச் சொன்னால் போதும் என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

“மகமை எண்ணிக்கையில நான் பொய் சொல்ல மாட்டேன் அத்தான். நீங்க ஒரு நாளாவது எங்கிட்ட மறைச்சிருந்தா, நானும் அவுககிட்ட மறைச்சிருப்பேன். பேசாம வரியக் கட்டிருங்க. நான் கூட வாரேன்.”

அவனை எனக்குப் பிடிக்கும். அப்போதும் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. 

லோடு ஏற்றுகிற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பின்சுவரோரம் மல்லி மூட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தோம். அடுக்கு முன்னால் சாய்ந்திருந்ததால் கட்டை வைத்து முட்டுக் கொடுத்திருந்தது. அதற்கு இன்னும் மகமை கொடுக்கவில்லை, எண்ணிக்கொள் மாப்பிள்ளை என்றேன். உடனே போய் அடிவரிசையில் குனிந்தான். எண்ணச் சொன்னால் மறுக்கத் தெரியாதவன்.

மூட்டை சரிந்துவிட்டது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். சரிந்தது உண்மைதான். கட்டையை நான் எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அது உடையாமல் அந்தச் சுவரில் சாத்தியிருந்ததை நீங்கள் கவனித்துவிட்டீர்கள், உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறீர்கள்.

அவன் உடனே சாகவில்லை. ஒரு கை வெளியே தெரிந்தது. “அத்தான், மேல கெடக்கத மட்டும் தூக்குங்க, மூச்சு விட்டுக்கிறேன்” என்றான். தூக்கியிருக்கலாம், அந்தத் தெம்பு எனக்கு உண்டு. ஷட்டரை இறக்கிவிட்டு முன்கடையில் போய் உட்கார்ந்தேன். ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் வந்து மல்லி விலை கேட்டார். பேரம் பேசினார். கொஞ்சம் குறைத்துக்கொண்டு பில் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு காது கொடுத்துக் கேட்டேன், உள்ளே சத்தம் இல்லை.

நான் செய்தது சரஸ்வதிக்கு இன்னும் தெரியாது. அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே உறவின்முறைப் பெரியவர்கள் அவன் மனைவி தங்கலட்சுமியிடம் பணம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிள்ளைகளைச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் படிக்க வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் மகமைப் பணம். நான் கொடுத்ததும் அதில் நிறைய இருக்கிறது. அவ்வளவையும் கவர்மெண்டுக்கு வரியாகக் கட்டியிருந்தால் தங்கலட்சுமி கைக்கு ஒரு ரூபாய் வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள் சார்.