துவாரமில்லாத பூட்டு

இரவு பதினொன்றே கால். கிடங்குச் சாலை.

ஒரு பக்கம் நீளமான மதில்... மறுபக்கம் சாக்கடை. நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதுவும் கண் சிமிட்டுகிற ரகம். அந்தச் சாலையில் ஒரு ஆள் தனியாக நடந்து வருகிறார். கையில் வீட்டுச் சாவி. அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே வருவது அவர் பழக்கம். கிளிங்... கிளிங்...

பின்னால் லாரி. ஹாரன் இல்லை, பிரேக் இல்லை. சதக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இருங்கள், இருங்கள். பேய் இன்னும் வரவில்லை. அதற்குள் ஏன் ஒருத்தரை ஒருத்தர் நெருக்குகிறீர்கள்? மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். கரண்ட் வருகிற வழியாகத் தெரியவில்லை.

இது என் நண்பனுடைய பெரியம்மா மகளுக்கு நடந்தது. அவனுக்கு அக்கா முறை. தையல் வேலை, தெருவே டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும். லாரியில் அடிபட்டவர் அவள் புருஷன். கிடங்கில் மேற்பார்வை பார்த்தவர். வேலைக்குக் கிளம்பும்போது என்ன செய்வார் தெரியுமா? பெண்டாட்டியை உள்ளே வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார். தினமும்.

"வீட்டுக்குள்ள வெச்சேவா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

பின்னே? சாவி ஒன்றுதான். அது அவரிடம். துணி தைக்கக் கொடுப்பவர்கள் ஜன்னல் கம்பி வழியாகத்தான் நீட்டுவார்கள். தைத்து முடித்ததும் அதே வழி. அந்த வீட்டுக்குப் பின்வாசலும் கிடையாது.

ஆக, புருஷன் செத்த செய்தியும் அவளுக்கு ஜன்னல் வழியாகத்தான் வந்தது. ஓடிப்போய் முகத்தைப் பார்க்கலாம் என்றால் கதவு பூட்டியிருக்கிறது. சாவியைச் சாலை முழுக்கத் தேடினார்கள். சாக்கடையில் கூட இறங்கித் துழாவினார்கள். கிடைக்கவே இல்லை. கடைசியில் பூட்டுக்காரரைக் கூட்டி வந்து, பூட்டை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள்.

வெளியே வந்தவள் அழவில்லையாம். தெருவில் நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டாளாம். பிறகு பூட்டுக்காரரிடம், "புதுப் பூட்டு எப்ப போடுவீங்க? சாவி எல்லாம் என்கிட்டதான் இருக்கணும்" என்றாளாம்.

நினைத்தபோது திறந்து நினைத்தபோது மூட ஒரு கதவு. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சாவுக்கு வந்த மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. அந்தம்மா அதுவரை சின்ன மகன் வீட்டில் இருந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. கூடத்தை ஒட்டிய அறையில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவன் போய் ஈரம் காயல... பூட்டை மாத்துறாளாம், பூட்டை! ஏண்டி, யார் வந்துடுவான்னு பூட்டுற?"

"யாரும் வரக் கூடாதுன்னுதான் அத்தை."

"இது என் பிள்ளை வீடு. அவன் நெனச்சா வருவான்டி. நீ யாரு தடுக்க?"

கிழவி வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அன்று இரவே வந்தார்.

முதலில் வாடை. டீசலும் நனைந்த சாக்கும் சேர்ந்த வாடை... கதவுக்கு அடியிலிருந்து. அப்புறம் கிளிங்... கிளிங்... அப்புறம் துவாரத்துக்குள் சாவி நுழைகிற சத்தம். சேராத சாவியைப் போட்டால் ஒரு முரட்டுச் சத்தம் வருமே, அது. கரக்... கரக்... நுழைந்தது. திரும்பவில்லை. உருவியது. மறுபடி நுழைந்தது. விடிகிற வரைக்கும் அதே வேலை.

காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் பித்தளைத் தூள். யாரோ உட்கார்ந்து அரத்தால் ராவிவிட்டுப் போன மாதிரி.

டெய்லரக்கா லேசுப்பட்டவள் இல்லை. "உசிரோட இருந்தப்ப பூட்டினது பத்தலையா? போய்த் தொலை!" என்று காலித் தெருவைப் பார்த்துக் கத்திவிட்டு, அந்தத் தூளைச் செருப்புக் காலால் தேய்த்துத் தள்ளினாள்.

மறுநாள் இரவு சாவி கொஞ்சமாகத் திரும்பியது. அதற்கடுத்த இரவு பாதிச் சுற்று. பூட்டின் நாக்கு அசைவதை உள்ளேயிருந்து அவள் கண்ணால் பார்த்தாள்.

புரிகிறதா உங்களுக்கு? சாவி பூட்டுக்குச் சேரவில்லை. அதனால் பூட்டைத் தேய்த்துத் தேய்த்து, சாவிக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

பூட்டுக்காரர் மறுபடி வந்தார். "என்னக்கா இது, போன வாரம் போட்ட பூட்டு இருபது வருஷம் குடும்பம் நடத்தின மாதிரி தேஞ்சு கிடக்கு!" என்று சிரித்தார். இன்னும் கெட்டியாக ஒன்று போட்டார். அதுவும் அதே கதி. அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெளிப்பக்கம்தான்க்கா தேஞ்சிருக்கு. உள்பக்கம் புத்தம் புதுசா இருக்கு."

"தாழ்ப்பாள் வெச்சுடுங்க."

"கதவுல மேலயும் கீழயும் மரம் உளுத்துப் போச்சு, ஆணி நிக்காது. பூட்டு இருக்கற இடம் மட்டும்தான் கெட்டி." கொஞ்சம் யோசித்தார். "வெளியே துவாரமே இல்லாத பூட்டு ஒண்ணு இருக்கு. உள்பக்கம் ஒரு குமிழ். அதைத் திருப்பினா பூட்டும், திறக்கும். வெளியே வெறும் தகடுதான். எமனே வந்தாலும் சாவி போட இடம் கிடையாது."

"அதையே போடுங்க."

"ஆனா நீங்க வெளியே போயிட்டு வந்தா, உள்ளே இருந்து யாராவது திறந்து விடணுமே?"

"நான் இருக்கேனே" என்றார் மாமியார். "நான் எங்கே போகப் போறேன்?"

மருமகளைப் பார்த்து அந்தம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று இரவு... வாடை வந்தது. கிளிங் வந்தது. சாவி தகட்டில் பட்டு வழுக்கியது. மறுபடி வைத்தது. வழுக்கியது. பிறகு கதவு முழுக்கத் தடவ ஆரம்பித்தது. கர்ர்ர்... மேலே... கர்ர்ர்... கீழே... குருடன் விரலால் துழாவுகிற மாதிரி. உள்ளே டெய்லரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தேடு... நல்லா தேடு...

சட்டென்று சத்தம் நின்றது.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அப்போது மாமியார் அறையிலிருந்து கிசுகிசு என்று பேச்சு. அடிமேல் அடி வைத்துப் போய் எட்டிப் பார்த்தாள். கிழவி ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வெளியே ஒரே இருட்டு.

"அவசரப்படாதே ராசா... அவ கடைகண்ணிக்குப் போகட்டும். நானே திறந்து விடறேன்."

பதிலுக்கு இருட்டிலிருந்து மெதுவாக ஒரு கிளிங்.

மறுநாள் நூல் வாங்கப் பையை எடுத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். போனால் கிழவி திறந்துவிடுவாள். போகாவிட்டால்? துணி மறுபடி ஜன்னல் வழியாக வர ஆரம்பித்தது. தைத்ததும் ஜன்னல் வழியாகவே போனது. ஒரே வித்தியாசம், இந்தத் தடவை பூட்டிக்கொண்டவள் அவளே.

"அத்தை, நீங்க சின்னவர் வீட்டுக்குக் கிளம்புங்க."

"எங்கே, கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிப் பாரேன். தெருவையே கூட்டறேன்."

தையல் மெஷின் ஒரு பக்கம் ஓடும். கிழவி எதிரே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ராத்திரியானால் கர்ர்ர்... இப்படியே நாள் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. தூங்கினால் குமிழைத் திருப்பிவிடுவாளோ என்று கதவுக்குக் குறுக்கேயே படுத்தாள் டெய்லரக்கா.

ஒரு சாயங்காலம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் தெரு. என்ன தோன்றியதோ, எழுந்தாள். மெஷினின் தலையைக் கழற்றிப் பையில் வைத்தாள். கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

"வீடு உங்களுக்கே அத்தை. உங்க பிள்ளையும் உங்களுக்கே."

"அப்படி வா வழிக்கு!"

அவள் செருப்பை முழுசாக மாட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. குமிழ் திரும்பியது. டக்.

தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நன்றாக இருட்டிவிட்டது. அங்கே... எதிரே வாடை. டீசல்... நனைந்த சாக்கு... ஆள் யாரும் இல்லை. கிளிங்... கிளிங்... அவள் தோளை உரசுகிற மாதிரி வந்தது. கடந்தது. நிற்கவில்லை. நேராக வீட்டைப் பார்த்துப் போனது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வாப்பா... எத்தனை நாளாச்சு..." என்று கிழவியின் குழைந்த குரல். கதவு சாத்துகிற சத்தம்.

அப்புறம், சாவி போட்டுப் பூட்டுகிற சத்தம்.

மறந்துவிடாதீர்கள், அந்தப் பூட்டில் எந்தப் பக்கமும் துவாரம் கிடையாது.

விடிந்ததும் ஜன்னலில் கிழவி. "யாராவது திறங்களேன்... கதவு திறக்கலையே..." தெரு கூடிவிட்டது. பூட்டுக்காரருக்கு ஆள் போனது. என் நண்பன் வீட்டில் தங்கியிருந்த டெய்லரக்காவுக்கும் ஆள் போனது.

"குமிழைத் திருப்புங்கம்மா!" என்றார் பூட்டுக்காரர் ஜன்னல் வழியாக.

"குமிழ் எங்கேப்பா இருக்கு? துவாரம்தானே இருக்கு..."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று கடப்பாரையைப் போட்டு, கதவையே கீலோடு நெம்பி எடுத்துவிட்டார் அவர். நாலு பேர் சேர்ந்து தூக்கி, வெளிச்சுவர் ஓரமாகச் சாய்த்தார்கள். அவர் குனிந்து குமிழைத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. ஒரு குறையும் இல்லை.

பட்டப்பகல். வெறும் நிலை. வெயில் கூடம் வரைக்கும் விழுகிறது. கிழவி ஓடி வந்தாள்...

நிலைக்கு அருகே வந்ததும் எதன் மேலோ மோதிக்கொண்டது போல நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் காற்றில் வைத்துத் தடவினாள். பிறகு தட்டினாள்.

டொக்... டொக்... டொக்...

மரத்தைத் தட்டுகிற சத்தம்.

வாய் பெரிதாகத் திறந்து மூடுகிறது, கத்துகிறாள் என்று தெரிகிறது. ஆனால் குரல், மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி அமுங்கி வருகிறது. "திறடி... மருமகளே... திறந்து விடுடி..."

பூட்டுக்காரர் கையை உள்ளே விட்டார். அவர் கைக்கு ஒரு தடையும் இல்லை. கிழவியின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். டொக் என்று அவள் முட்டி எதிலோ இடித்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கையை விட்டுவிட்டு நாலு அடி பின்னால் வந்துவிட்டார் மனிதர்.

எல்லோரும் டெய்லரக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தெருவில் நின்றிருந்தாள். வாசற்படியில் கால் வைக்கவில்லை.

"என்னைக் கேட்டா? உங்க பிள்ளை வேலைக்குப் போயிருப்பாரு அத்தை. ராத்திரி வருவாரு. வந்ததும் அவர்கிட்ட கேளுங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை... உள்ளே, கிழவியின் முதுகுக்குப் பின்னால், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.