மல்கோவாவின் துளிர்

“எங்கூட்டு மல்கோவா மானுக்கு மட்டுந்தானுங்க ருசிச்சுது” என்றார் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள். தொட்டித் துளசியையே கொன்றவன் நான். ஆனாலும் பேச்சு ஒட்டுமாவைப் பற்றியது, ஒட்டுக்கேட்காமல் எப்படி?

“ஊட்டுக்காரரு சாகறதுக்கு முந்தி ஆசையா வெச்ச மாங்கண்ணு, அம்மணி. கொழுந்து, பட்டை எல்லாத்தையும் மான் தின்னுபோட்டுது. சாணியும் செம்மண்ணும் கொழச்சுப் பூசுனேன். துளுத்துச்சு.”

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: “ஒட்டுக் கட்டுன எடத்துக்கு மேலீங்களா, கீழீங்களா அக்கா?”

“கீழ. இப்ப ஆள் ஒசரம் நிக்குது.”

“அய்யோ, ஒட்டுக்குக் கீழ இருக்கற அடிக்கட்டை வெறும் நாட்டுமாச் செடிங்க. மல்கோவான்னா ஒட்டுக்கு மேலதானுங்க துளுக்கோணும்.”

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மேலயும் ஒண்ணு வந்துச்சு, அம்மணி. கீழ இருக்கறதுக்குச் சத்துப் பத்தாதுன்னு நாந்தான் கிள்ளிப்போட்டேன்.”